கடைசியாக வந்தவர் ஏற்றும் விளக்கு

எங்கள் தீவைப் பற்றிப் பினாங்கில் இப்போது ஒரு கதை நடமாடுகிறது. அது வெறும் சேற்றுத்திட்டாக, பாம்பும் உடும்பும் திரிகிற இடமாகக் கிடந்ததாம். டவுனிலிருந்து ஒரு பெரிய மனிதர் பழனி வேல் ஒன்றைக் கொண்டுபோய் அங்கே நட்டாராம். அவர் தயவில்தான் சாமியும் வந்தது, சனமும் வந்ததாம். போன தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தலில் ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. முன்பின் தெரியாத ஆண்களுக்கு நடுவே பேசி எனக்குப் பழக்கமில்லை. எழுத வரும். நான்காம் வகுப்பு வரை படித்த எழுத்துதான். நடந்ததைச் சொல்ல அது போதும்.

பினாங்குக்கு எதிரே இருக்கும் பத்து காவான் கரைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு காயல் இருக்கிறது. கடல் பக்கம் மணல்மேடு அடைத்துக்கொண்டிருப்பதால் உள்ளே அலை கிடையாது. தண்ணீர் ஏறும்போது அது ஏரி மாதிரி இருக்கும். இறங்கும்போது கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறு. அந்தச் சேற்றின் நடுவில் பாக்காவ் என்கிற சதுப்பு மரங்கள் சூழ ஒரு திட்டு. ஒரு கோடியில் நின்று கூப்பிட்டால் மறுகோடியில் கேட்கும், அவ்வளவு சின்னது. மலாய்க்காரர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் தீவு என்று மட்டும்தான் சொல்வோம்.

அங்கே முதலில் வந்தவர் ஒரு பண்டாரம். பண்டாரம் என்று பின்னால்தான் சொன்னார்கள். வரும்போது அவர் கரும்புத் தோட்டத்துச் சர்க்கரை ஆலையில் கொப்பரை கிளறும் கூலி. முழங்கை வரை வெந்த தழும்பு இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும், நோயில் படுத்த நாட்களை எல்லாம் கூட்டிக் காட்டி இன்னும் இருக்கவேண்டும் என்றார்களாம். கொப்பரை கிளறும் இரும்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சேற்றைக் கடந்து தீவுக்கு வந்தவர், அங்கே நின்ற புன்னை மரத்தடியில் அந்த இரும்பை நட்டார். பிறகு அதன் நுனியைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி வேலாக்கினார். எங்கள் வேலின் வரலாறு இதுதான். அதன் காம்பில் பாகு கருகிப் பிடித்த கறுப்பு இன்னமும் இருக்கிறது, சுரண்டினாலும் போகவில்லை.

அவர் சாந்தமான சாமியார் இல்லை. சுருட்டுக் கிடைக்காத நாளில் யாரும் கிட்டப் போகமுடியாது. பாடத் தெரியாது, மந்திரம் தெரியாது. ஆனால் அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகத் தோட்டங்களிலிருந்து சேற்றைக் கடந்து வர ஆரம்பித்தபோது, அவர் சில முறைகளை வைத்தார். தீவு அந்த முறைகளில்தான் நின்றது.

சேற்றில் யாராவது வருவது தெரிந்தால், அதற்கு முன்னால் கடைசியாக வந்தவர் தண்ணீர்க்குடத்தோடு கரைக்குப் போய் நிற்கவேண்டும். வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்கவேண்டும்: தங்க வந்தீங்களா, பாத்துட்டுப் போக வந்தீங்களா? பார்த்துவிட்டுப் போகிறவர் என்றால், கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொடுக்கவேண்டும், அவரே கால் கழுவிக்கொள்வார். தங்க வந்தவர் என்றால், கேட்டவரே தன் கையால் அவர் காலைக் கழுவவேண்டும். பிறகு எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு. அன்று சாயங்காலம் முதல் வேலுக்கு முன்னால் விளக்கு ஏற்றுவது புதிதாக வந்தவர் வேலை. அடுத்த ஆள் வரும்வரை அது அவருடையது.

ஏன் புது ஆள் என்று ஒருவர் பண்டாரத்தைக் கேட்டாராம். "புதுசா வந்தவனுக்குத்தான் பயம் ஜாஸ்தி. அவன் மொதல்ல உள்ள போவட்டும். பழைய ஆளுக்கு என்ன, வெளிய நின்னாலும் தூங்கிருவான்" என்றாராம்.

இன்னொரு முறை, யாரும் யாரையும் என்ன சாதி என்று கேட்கக்கூடாது. கேட்டால் சோறு கிடையாது. இது எப்படி உண்டானது என்றால், தோட்டத்துக் கங்காணி போலீஸ்காரரோடு சம்பான் என்கிற சின்னத் துடுப்புப் படகில் வந்து, ஓடிவந்தது யார், எந்த ஊர், என்ன ஆள் என்று விசாரிப்பான். யாராவது ஒருவர் ஒரு விவரம் சொன்னாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடித்துவிடுவான். அதனால் யாருக்கும் எதுவும் தெரியாமல் இருப்பதே நல்லது என்று வைத்தார்கள். கங்காணி கேட்பான். எல்லோரும் குனிந்து, சேற்றோரம் வளரும் நீப்பாப் பனையின் ஓலையைக் கிழித்துக்கொண்டிருப்பார்கள். அவன் கத்துவான். ஓலை கிழிபடும் சத்தம்தான் பதில். தண்ணீர் இறங்குவதற்குள் அவன் போயாகவேண்டும், இல்லாவிட்டால் சம்பான் மாட்டிக்கொள்ளும். போய்விடுவான்.

என் அம்மா வந்தது ஒரு பௌர்ணமி விடியலில். நான் அவள் முதுகில் புடவையால் கட்டப்பட்டிருந்தேன். எனக்கு நான்கு வயதிருக்கும். அப்பா காய்ச்சலில் போய், அந்த வாரமே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அம்மாவை நிறுத்தி, லயத்து அறையை வேறு ஆளுக்கு விடப்போவதாகக் கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டான். சேற்றில் நடந்து வரமுடியாது, இடுப்பு வரை இழுத்துவிடும். சிப்பி பொறுக்குகிறவர்கள் வைத்திருக்கும் பலகை ஒன்று உண்டு. ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மறுகாலால் சேற்றை உதைத்து உதைத்து நகரவேண்டும். அம்மா அப்படி ஒரு பலகையை எடுத்துக்கொண்டு வந்தாள். யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

எங்கள் கால்களைக் கழுவியவர், எங்களுக்கு முன்னால் வந்த ஓர் இளைஞர். பிற்காலத்தில் தீவின் சம்பானை அவர்தான் ஓட்டினார். நான் அவரைச் சம்பான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அன்று ஒரு வழக்கு கிளம்பியதாம். விளக்கு ஏற்றவேண்டியது அம்மாவா, நானா? இரண்டு பேரும் ஒன்றாகத்தானே வந்தோம்.

"புள்ள முதுகுலதான இருந்துச்சு? அப்ப அது ஒரு சாண் பின்னால வந்துருக்கு. அதுதான் கடைசி" என்று பண்டாரம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எனக்கு விளக்கு எட்டாது. ஆகவே நான் வளரும்வரை என் சார்பில் அம்மா ஏற்றினாள். இடையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க டவுனுக்கு அனுப்பினார்கள். தீவிலிருந்து போய்ச் சலவைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்ட ஓர் அக்கா வீட்டில் இருந்து படித்தேன். வகுப்பில் வாத்தியார் ஏதாவது கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்திருக்கமாட்டேன். ஊமை என்றே சில பிள்ளைகள் நினைத்தார்கள். நான்காம் வகுப்போடு தீவுக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து விளக்கை நான் ஏற்றினேன்.

நாங்கள் வந்த பிறகு யாரும் வரவில்லை. கொஞ்ச காலத்தில் ஒப்பந்தக் கூலி முறையையே நிறுத்திவிட்டார்கள். தோட்டம் பிடிக்காதவன் மாதக் கணக்கை முடித்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போனான், சேற்றில் ஓடிவரவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. நல்ல காரியம்தான். ஆனால் அதனால் நானே கடைசியாக வந்தவளாக நின்றுவிட்டேன். பண்டாரமும் செத்து, அவரைப் புன்னைக்குக் கிழக்கே வைத்தோம். வருஷங்கள் போயின. சாயங்காலம் ஆனால் தேங்காயெண்ணெயும் திரியுமாக நான் போவேன். ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நாலு பேர் எதிரில் நிமிர்ந்து நிற்கத் தெரியாதவளுக்கு, எல்லோருக்கும் முன்னால் உள்ளே போகிற உரிமை ஒன்று இருந்தது.

கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டு இடத்திலும் சாதி கேட்டார்கள். அம்மா சொல்லவில்லை. எனக்கே இன்றுவரை தெரியாது.

எங்களுக்கு இருந்த பெரிய கஷ்டம் தண்ணீர். தீவில் எங்கே தோண்டினாலும் உப்பு. கரையிலிருந்த மலாய்க்காரர் கிராமத்து, கம்பம் என்பார்கள், கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சம்பானில் கொண்டுவரவேண்டும், அதுவும் தண்ணீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்து. அம்மாவுக்குத் தோள்பட்டை போய்விட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கமுடியாமல் முடியைக்கூட நான்தான் முடிந்துவிடுவேன்.

இந்த நிலையில்தான் டவுன்காரர்கள் எங்கள் வேலைக் கும்பிட வர ஆரம்பித்தார்கள். வேண்டுதல் பலிக்கிறது என்று யாரோ சொல்லி, பங்குனி உத்திரத்துக்குப் படகுகள் வந்தன. அப்படி வந்தவர்களில் ஒருவர், துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்குவதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். முதலாளி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருடைய படகு ஒன்று புயலில் தப்பியதற்காக, வேலுக்கு மேல் நாங்கள் போட்டிருந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகையை இடித்துவிட்டுச் செங்கல்லில் கோயில் கட்டித்தருவதாக நேர்ந்துகொண்டிருந்தார். கூடவே தகரக் கூரை போட்டு, அதில் விழும் மழையைப் பிடிக்கச் சிமெண்டுத் தொட்டி ஒன்றும் கட்டித்தருவதாகச் சொன்னார். தொட்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் பெண்கள் எல்லோரும் ஓலை கிழிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அவர் புன்னை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"இங்க இருக்கிறவங்கல்லாம் எந்தெந்த ஊரு? என்னென்ன ஆளுங்க?"

"எல்லாரும் சேத்துல வந்த ஆளுங்கதான் முதலாளி" என்றார் சம்பான் அண்ணன்.

"அது தெரியும்பா. சாதியக் கேட்டேன்."

"ஓல கெடக்கு, ரெண்டு கிழிக்கிறீங்களா? பொழுது போவும்."

முதலாளி சிரித்துக்கொண்டார். பிறகு பொறுமையாகவே சொன்னார். "கோயில்னு கட்டுனா ஒரு மொற இருக்குல்ல. குருக்கள் வருவாரு. அவருதான் உள்ள போவணும், வெளக்கு ஏத்தணும். மத்தவங்கள்ல யாரு வாசப்படி வரைக்கும் வரலாம், யாரு தள்ளி நிக்கணும்னு தெரியணும். நானாச் சொல்லல. நீங்களே பேசிச் சொல்லிருங்க."

ஓலை கிழிந்தது.

"சொல்லலன்னா எல்லாரும் வெளியதான். கயிறு கட்டிருவேன்."

"எல்லாரும் வெளியன்னா உள்ள யாரு?" என்றார் அண்ணன்.

"சாமி இருக்கும்."

"தனியாவா? பாவம்."

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. ஆனாலும் செங்கல் வந்தது, கொத்தனார்கள் வந்தார்கள், சுவர் எழுந்தது. படகு வந்து நிற்கப் பலகைத்துறை ஒன்றும் போட்டார்கள். தகரமும் சிமெண்டு மூட்டைகளும் தீவின் கரையில் வந்து இறங்கின. கும்பாபிஷேகம் முடிந்த மறுநாள் கூரையும் தொட்டியும் வேலை தொடங்கும் என்று பேச்சு.

வீட்டில் நானும் அம்மாவும் சண்டை போட்டோம். எங்களுக்குள் அதற்கு முன் அப்படி ஒரு சண்டை வந்ததில்லை.

"நீ ஏத்துறதால சாமிக்கு என்ன வெளிச்சம் கூடிப்போச்சு? யாரோ ஏத்திட்டுப் போறாங்க. தண்ணி வேணும்டி" என்றாள் அம்மா.

"எனக்குப் பின்னால ஒரு ஆள் வரட்டும். குடுத்துடறேன்."

"யாரு வரப்போறா? கூலிக் கப்பலே நின்னுபோச்சு. நீதான் கடைசின்னு ஆயிருச்சு. சாவுற வரைக்கும் அத இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியப் போறியா?"

"கயித்துக்கு வெளிய நீயும்தான நிக்கணும்?"

"நின்னா கால் தேஞ்சா போயிரும்? என் தோளப் பாரு."

நான் எண்ணெய் எடுத்து அவள் தோளில் தேய்த்துவிட்டேன். சரி என்று மட்டும் சொல்லவில்லை. விளக்கு என் சொத்து என்று நான் நினைக்கவில்லை. பின்னால் வருகிறவருக்காக நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்று அது. தங்க வராமலே, கால் கழுவப்படாமலே, பந்தியில் உட்காராமலே ஒருவர் வந்து அதைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின வாரம் ஓலைக்கட்டு விற்க டவுனுக்குப் போனேன். இளம் நீப்பா ஓலையை உரித்துக் காயவைத்துச் சுருட்டு சுற்றுவதற்கு விற்பதுதான் எங்கள் பிழைப்பு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரிதான் எங்களிடம் வாங்குவார். அவரிடம் மட்டும் நான் கொஞ்சம் பேசுவேன், ஏனென்றால் அவர் நம் முகத்தைப் பார்க்காமல் ஓலையைப் பார்த்தபடியே பேசுவார்.

"உங்க தீவுல விசேஷமாமே தங்கச்சி. டவுன் பூரா அதான் பேச்சு. என்னிக்கு?"

"பௌர்ணமிக்கு நானா. காலையில, வெயில் ஏறுறதுக்குள்ள."

அவர் ஓலையைக் கீழே வைத்துவிட்டார். "பதினாலாம் பிறையில விடிஞ்சா உங்க காயல்ல தண்ணி ஏது?"

"அண்ணன் போய்ச் சொன்னாரு. நேரத்தக் கடல் குறிக்காது, கிரகம்தான் குறிக்கும்னு முதலாளி சொல்லிட்டாராம். ஊர்லேருந்து வந்த பஞ்சாங்கமாம்."

"அதுல திதி இருக்கும், நட்சத்திரம் இருக்கும், ராகு காலம் இருக்கும். கடல் இல்லபோல" என்றார் நானா. "சரி, படகு தட்டுனா அந்தக் கிரகத்தையே எறங்கித் தள்ளச் சொல்லுங்க."

அந்த நாள் வந்தது. முதல் நாளே முதலாளியின் ஆட்கள் வந்து சுவரைச் சுற்றிக் கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். விடிந்து வெளுக்கும்போது மேளச் சத்தம் கேட்டது. மணல்மேட்டு வாயிலைத் தாண்டி மோட்டார் படகு உள்ளே வந்துகொண்டிருந்தது. தோரணம் கட்டி, வாழை கட்டி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பலகைத்துறைக்குக் கொஞ்ச தூரத்தில் படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இயந்திரம் உறுமியது, பின்னால் கறுப்புச் சேறு பறந்து நாதஸ்வரக்காரர் சட்டையில் விழுந்தது. மேளம் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகைச் சுற்றித் தண்ணீர் வடிந்து, அது ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. முதலாளி படகின் விளிம்பில் நின்று கைகளை ஆட்டினார். சம்பான் அண்ணனும் இன்னும் சிலரும் பலகைகளை எடுத்துக்கொண்டு சேற்றில் போனார்கள்.

"ஒரு முட்டி பலகையில வைங்க முதலாளி. இன்னொரு காலால ஒதைங்க. பட்டு வேட்டியத் தூக்கிக் கட்டிக்குங்க" என்று அண்ணன் சொல்வது கரைக்குக் கேட்டது. "எங்க பொம்பளைங்க புள்ளையக் கட்டிக்கிட்டு வந்த வழிதான். ஒண்ணும் ஆவாது."

முதலாளி, குருக்கள், டவுன்காரர்கள் இரண்டு மூன்று பேர். குருக்கள் நடுவயதுக்காரர், ஒல்லி, தலையில் கலசத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். எல்லோரையும்விட அவர்தான் நன்றாகப் பலகை தள்ளினார். முதலாளி வழியில் ஒருமுறை கவிழ்ந்து எழுந்தார்.

முன்பெல்லாம் அவர்கள் தண்ணீர் ஏறியிருக்கும்போது படகில் வந்து இறங்கியவர்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. இன்று சேற்றில் வந்தார்கள். சேற்றில் வருகிறவரிடம் கேட்டாகவேண்டும். அதைக் கேட்கவேண்டியவள் நான். அதுவரை என் வாழ்நாளில் ஒருவரிடமும் அதைக் கேட்கும் வேளை எனக்கு வந்ததே இல்லை.

குடத்தைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். எனக்குப் பின்னால் தீவு முழுக்க வந்து நின்றது.

முதலாளி மேலே ஏறக் காலெடுத்து வைத்தார். "தண்ணியக் குடு, சீக்கிரம். நேரம் ஆவுது."

நான் குருக்களைப் பார்த்துக் கேட்டேன். "தங்க வந்தீங்களா, பாத்துட்டுப் போக வந்தீங்களா?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதலாளிக்குக் கேட்டிருக்கிறது. "இது என்ன கேள்வி?" என்றார்.

இன்னொரு தடவை கேட்டேன். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

"பதில் சொல்லாம இங்க யாரும் மேல ஏறுனதில்ல முதலாளி" என்றார் அண்ணன், சேற்றில் நின்றபடி. "நானும் சொல்லிட்டுத்தான் ஏறுனேன்."

முதலாளி நெற்றியிலிருந்த சேற்றை வழித்தார். "சரி. தங்கத்தான் வந்துருக்காரு. நான் சம்பளம் குடுத்து வச்சிருக்கேன். போதுமா? வழிய விடு."

"அவர் சொல்லணும்" என்றேன். அதற்குமேல் வார்த்தைகள் தாமாக வந்தன. "தங்க வந்தா, அவர் கால நான் கழுவணும். எங்களோட பந்தியில உக்காந்து அவர் சாப்பிடணும். சாயங்காலத்துலேருந்து வெளக்கு அவருக்கு. நான் குடுத்துடறேன். மனசாரக் குடுத்துடறேன்."

குருக்கள் என் கையைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் நின்ற எல்லோரையும் பார்த்தார். முதலாளி அவர் காதருகே, "ஆமான்னு சொல்லுங்க சாமி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

குருக்கள் தலையை ஆட்டினார். "வேல் இருக்கற எடத்துல நின்னுண்டு பொய் சொல்லப்படாது" என்றார். என்னிடம் திரும்பி, "பாத்துட்டுப் போகத்தாம்மா வந்தேன். ஆத்துக்காரி, கொழந்தைகள் எல்லாம் டவுன்ல இருக்கா" என்றார்.

நான் கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அவர் வாங்கித் தானே கால் கழுவிக்கொண்டார். டவுன்காரர்களும் அப்படியே செய்தார்கள். முதலாளி மட்டும் சேற்றுக் காலோடு நின்றார்.

"அப்ப ஒண்ணு கேட்டுக்குங்க" என்றார் அவர், என்னைத் தாண்டி எல்லோரையும் பார்த்து. "தகரம் கெடையாது. தொட்டியும் கெடையாது. எல்லாத்தையும் இன்னிக்கே ஏத்திக்கிட்டுப் போயிருவேன். இந்தப் பொம்பள பேச்சுக்காகத் தண்ணியில்லாம கெடக்கப் போறீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. யாராவது ஒருவர், குடம் சுமந்த ஒரு பெண், "அவர் சொல்றதும் சரிதானே" என்றால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா முன்னால் வந்தாள். தொட்டி வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகமாகப் பேசியவள் அவள். முதலாளிக்கும் அது தெரியும். முகம் தெளிந்து, "நீ சொல்லு ஆத்தா" என்றார்.

"சிமெண்டு மூட்டை கனம் ஜாஸ்தி" என்றாள் அம்மா. "பலகையில ரெண்டு ரெண்டாத்தான் ஏத்தணும். இல்லன்னா சேறு முழுங்கிரும்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நிக்கிறியே, நேரம் ஆவுதுங்குறாங்கல்ல? போய் ஏத்து" என்றாள்.

நான் குடத்தை வைத்துவிட்டு நடந்தேன். கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை, குனிந்து உள்ளே போனேன். எப்போதும் சாயங்காலம் ஏற்றும் விளக்கை அன்று காலையில் ஏற்றினேன். திரும்பிப் பார்த்தபோது கயிற்றுக்குக் கீழே ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தார்கள், பிள்ளைகள், கிழவர்கள், ஓலை கிழிக்கிற பெண்கள் எல்லோரும். உள்ளே இடம் போதாமல் சுவரோரம் நெருக்கிக்கொண்டு நின்றோம். குருக்கள் கயிற்றுக்கு வெளியே நின்று கைகூப்பினார். முதலாளி கரையிலேயே இருந்தார்.

மத்தியானம் தண்ணீர் ஏறியதும் படகு மிதந்தது. தகரம் போயிற்று, மூட்டைகள் போயின, பலகைத்துறையின் பலகைகளைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள்தான் தூக்கிக் கொடுத்தோம். டவுனில் எங்களுக்கு நன்றி கெட்ட சனம் என்று பெயர் வந்தது. செங்கல் சுவர் மட்டும் நின்றது. அதைப் பிடுங்க அவர்களுக்கு நேரம் இல்லை. அதன் மேல் நாங்கள் அத்தாப்பு வேய்ந்தோம். செங்கல் மேல் ஓலை, பார்க்க வேடிக்கையாக இருக்கிறது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

மறுநாள் வழக்கம்போல நானும் அம்மாவும் குடங்களோடு சம்பானில் கரைக்குப் போனோம். அம்மா வழி நெடுக முணுமுணுத்தாள். நல்ல தொட்டியாம், தண்ணீர் முழங்காலுக்கு மேல் நிற்குமாம், மூடிகூட உண்டாம், எல்லாம் என்னால் போச்சாம். நான் துடுப்புப் போட்டேன்.

கிணற்றடியில் தோட்டத்துப் பெண் ஒருத்தி துணி அலசிக்கொண்டிருந்தாள். எங்கள் குடங்களைப் பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, உங்களுக்குத்தான் தொட்டி கட்டிக் குடுக்கிறாங்களாமே? இன்னும் இவ்வளவு தூரம் வர்றீங்க?" என்றாள்.

அம்மா வலிக்கிற தோளில் சும்மாட்டுத் துணியைப் போட்டுக்கொண்டாள்.

"தூரமா? எங்களுக்கு இது கிட்டத்தான்" என்று சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றில் விட்டாள்.